சேலை கட்டி ஆடியதால்தான் நான் இப்படி ஆனேனா?

யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பதினான்கு வயதிலிருந்து ஊர்க் கூத்தில் பெண் வேஷம் போடுகிறார். அவருடைய பெரியப்பாதான் கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார். காத்தவராயன் கூத்தில் ஆரியமாலை, மயான காண்டத்தில் சந்திரமதி என்றால் ஊரில் இவர் பெயரைத்தான் சொல்வார்கள். கம்பஸில் நாடகமும் அரங்கியலும் படித்தவர். இப்போது பட்டணத்தில் ஒரு கம்பனியில் வேலை. பெண்கள்மேல் அவருக்கு ஒருநாளும் ஈர்ப்பு வந்ததில்லை. ஓர் ஆணோடு சில வருடம் பழகினார். அந்த நண்பர் பிரான்சுக்குப் போய்விட்டார். சேலை கட்டி நிற்கும்போது சில நாள் "இதுதான் நான்" என்று தோன்றுகிறது, சில நாள் அது வெறும் வேஷம்தான் என்கிறார்.

அம்மா கலியாணம் பேசிவிட்டார். சாதகம் பொருந்திவிட்டது, ஆவணியில் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு. அதில் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் டொனேசன் காசை வைத்துத்தான் தங்கச்சியின் கலியாணத்தை ஒப்பேற்ற வேண்டும். விஷயத்தை அரைகுறையாக அறிந்த மாமா, "மேடையில பொம்பிளையா நடிக்கிறாய், வீட்டில புருசனா நடிக்க ஏலாதோ?" என்று கேட்டாராம். பெரியம்மா, "சின்ன வயசில சேலை கட்டிவிட்டதாலதான் பெடியன் பழுதாப்போனான், ஆஸ்பத்திரியில காட்டி ஊசி போடுங்கோ" என்கிறாராம். இதற்கிடையில், கூத்து முடிந்த ஒரு இரவு உடுப்பு மாற்றும் இடத்தில் அவரும் நண்பரும் முத்தமிட்டுக்கொண்டதை ஒருவர் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார். பணம் தராவிட்டால் ஊர் வட்சப் குழுவில் போடுவேன் என்கிறார். ஒருமுறை கொடுத்தாயிற்று, இப்போது மறுபடியும் கேட்கிறார்.

தம்பி, உங்கள் கேள்விகளுக்குப் போகமுன் ஒன்று. "நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் சுகம்" என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு உடனே வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியாது. நித்திரை இல்லாமலும் யாரிடமும் சொல்ல முடியாமலும் வாரக்கணக்கில் இருக்கிற ஆளுக்கு இப்படி நினைப்பு வருவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதைத் தனியே சுமக்கக் கூடாது. அந்த நினைப்பு வலுக்கும் இரவில் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். நித்திரையின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு. அதை எடுப்பதால் உங்கள் விருப்பம் ஒரு நோய் என்று நீங்கள் ஒத்துக்கொண்டதாக ஆகாது.

வேஷம் ஆளை மாற்றுமா?

மாற்றாது. பெரியம்மா சொன்னது நம் ஊரில் பலர் உண்மையாகவே நம்புகிற விஷயம், அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கூத்திலும் இசை நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாக ஆண்கள்தான் பெண் பாத்திரங்களை ஆடினார்கள். ராஜபார்ட், ஸ்திரிபார்ட் என்று ஆளையே வேஷத்தின் பெயரால் அழைத்த காலமும் இருந்தது. விடியவிடியச் சந்திரமதியாக அழுதுவிட்டு, காலையில் தோட்டத்துக்கோ கடலுக்கோ போய், பெண்சாதி பிள்ளைகளோடு வாழ்ந்து முடித்தவர்கள் அவர்களில் மிகப் பலர். சேலைதான் விருப்பத்தைத் திருப்பிவிடும் என்றால் இது நடந்திருக்காது. இன்னொரு பக்கமும் பாருங்கள். பெண்கள் பாடசாலைகள் தமிழ்த்தினப் போட்டிக்குக் கூத்துப் போடும்போது, மீசை வைத்து வாள் பிடித்து அரசனாக வருவதும் ஒரு மாணவிதான். "ஐயோ, பிள்ளை இனி ஆம்பிளையாகிவிடும்" என்று யாரும் பயப்படுவதில்லை. கைதட்டிவிட்டுப் போகிறார்கள்.

பயம் ஏன் ஒரு பக்கத்தில் மட்டும் வருகிறது? பெண் ஆணைப் போல நின்றால் ஒருபடி ஏறினாள், ஆண் பெண்ணைப் போல நின்றால் ஒருபடி இறங்கிவிட்டான் என்று ஒரு கணக்கு நம் எல்லாருக்குள்ளும் கிடக்கிறது. உங்களைப் "பழுது" என்று சொல்ல வைப்பது அந்தக் கணக்கு. உங்கள் தங்கச்சிக்கு இத்தனை இலட்சம் கொடுத்தால்தான் ஒருவன் கட்டுவான் என்று சொல்ல வைப்பதும் அதே கணக்குத்தான். நீங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் அடிபட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதை உங்கள் அம்மா கூட ஒருநாள் விளங்கிக்கொள்ளக்கூடும் என்று நான் நம்புகிறேன்.

நடந்தது ஒருவேளை தலைகீழாக இருக்கலாம். உங்களுக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்றுக்கு ஊரில் கேள்வி கேட்காத ஒரே இடமாகக் கூத்துக் களரி கிடைத்திருக்கலாம். அதனால்தான் அங்கே நிற்கும்போது உடம்பு இலேசாகியிருக்கும். அதற்காகப் பெரியப்பாவிடம் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆடுவதை நிறுத்தினால் விருப்பம் போய்விடாது. உங்களுக்குப் பிடித்த கலைதான் போகும்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 1973 இலேயே தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 இல் அதே முடிவை எடுத்தது. அந்த நாளைத்தான் உலகம் முழுவதும் இப்போது நினைவுகூருகிறார்கள். இல்லாத நோய்க்கு ஊசி இல்லை. "மாற்றிவிடுகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், அவர் வைத்தியராக இருந்தாலும் சாமியாராக இருந்தாலும் ஜெபக்கூட்டம் நடத்துபவராக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். இப்படியான முயற்சிகளால் ஈர்ப்பு மாறுவதில்லை. ஆட்கள் இன்னும் ஆழமான மனச்சோர்வுக்குள் போகிறார்கள்.

இதே இடத்தில் உங்கள் எண்ணம் ஒன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. "அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிடுகிற சனம், பெண் வேஷத்தைக் கொண்டாடுகிற சனம், முந்தி எங்களை ஏற்றுக்கொண்டுதான் இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். பழமை இருப்பது உண்மை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களில் ஒன்று, காமன் பெண்கோலம் பூண்டு ஆடிய பேடி ஆடல். ஆனால் மேடையில் ஒன்றை இரசிப்பதும் வீட்டில் அதை ஏற்றுக்கொள்வதும் வேறுவேறு. நம் கூத்தில் ஆண்கள் பெண் வேஷம் போட்டதற்கு முக்கியமான காரணம், பெண்கள் மேடையேறுவது கௌரவக் குறைச்சல் என்று அவர்களை ஏறவிடாததுதான். அதாவது உங்களுக்கு இடம் கொடுத்த அதே மரபு உங்கள் அம்மம்மாவை மேடைக்கு வெளியே வைத்திருந்தது. மரபுக்குள் உங்களுக்கு வேர் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் அது ஒரு பொற்காலமாக இருந்தது என்று நம்பினால் இன்றைய ஊரின் கோபம் உங்களை இரட்டிப்பாக நோகடிக்கும்.

"எல்லாம் நடிப்புத்தானே?"

மாமாவின் கேள்வியை நீங்கள் கோபத்தோடு எழுதியிருந்தாலும், இரண்டு பந்தி தள்ளி அதற்கு ஒரு நியாயமும் தேடியிருக்கிறீர்கள். "பாலினம் ஒரு நிகழ்த்துகை என்றுதான் கம்பஸில் படித்தோம். அப்படியென்றால் மாமா சொல்வதில் என்ன பிழை? புருஷன் என்பதும் ஒரு பாத்திரம்தானே, பழகிக்கொள்ளலாம்தானே?" இந்த இடத்தில்தான் நான் அதிகநேரம் நின்றேன். ஏனென்றால் விடுதலை தரவேண்டிய ஒரு சிந்தனையை எடுத்து உங்கள் கழுத்துக்கே சுருக்குப் போடுகிறீர்கள்.

நீங்கள் படித்தது அமெரிக்கத் தத்துவவியலாளர் ஜூடித் பட்லரின் சிந்தனை. பட்லர் 1990 இல் முன்வைத்த கருத்து இதுதான். ஆண்மை, பெண்மை என்று ஒரு சாரம் உள்ளே இருந்து, அது நடையாகவும் குரலாகவும் வெளியே வருகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்த நடையையும் குரலையும் இருப்பையும் நாள் தவறாமல் திரும்பத்திரும்பச் செய்வதால்தான், உள்ளே ஒரு சாரம் இருப்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. அமெரிக்காவில் பெண் வேஷமிட்டு ஆடும் ஆண்களைப் பற்றி மானிடவியலாளர் எஸ்தர் நியூட்டன் 1972 இல் செய்த ஆய்வும் பட்லருக்குக் கைகொடுத்தது. வேஷக்காரர் பெண்ணைப் பார்த்து நடிக்கிறார் என்று சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பெண்ணும் யாரையோ பார்த்துப் பழகியவர்தானே என்ற கேள்வி அங்கிருந்து வருகிறது.

இதை விளங்க நீங்கள் அமெரிக்கா போகத் தேவையில்லை. பெரியப்பா உங்களுக்கு ஆரியமாலையைப் பழக்கிய விதத்தை நினைத்துப் பாருங்கள். கை எங்கே நிற்க வேண்டும், தோள் எவ்வளவு சாய வேண்டும், எந்த அடியில் கண் தாழ வேண்டும், அழுகை எந்தச் சுருதியில் தொடங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்திருப்பார். ஒரு பதினான்கு வயதுப் பெடியன் அதைக் கற்றுக்கொள்ள முடிந்தது என்றால், அது பெண்ணின் இரத்தத்தில் மட்டும் ஓடுகிற ஒன்றல்ல. அதே வயதில் பக்கத்து அறையில் உங்கள் தங்கச்சியும் இதையேதான் கற்றுக்கொண்டிருந்தார். "காலை விரிச்சு இராதை," "சத்தமாச் சிரியாதை," "படலைக்குள்ள நில்." உங்களுக்கும் ஒரு பாடம் நடந்தது. "ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது," "கையை ஆட்டிக் கதையாதை." கூத்துக்கு ஓர் அண்ணாவியார். வீட்டுப் பாடத்துக்கு ஊரில் பார்க்கிற எல்லாருமே அண்ணாவியார்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, மாமா தவறவிடுவது அதைத்தான். கூத்து விடிந்தால் முடியும். அரிதாரத்தைக் கழுவிவிட்டு நீங்கள் தேத்தண்ணி குடிக்கலாம், அடி பிசகினால் பெரியப்பா ஏசுவார், அவ்வளவுதான். வீட்டுப் பாடம் விடிந்தாலும் முடிவதில்லை. அதில் பிசகினால் பகிடி, அடி, வீட்டைவிட்டுத் துரத்தல் எல்லாம் வரும். அதனால்தான், பாலினம் என்பது காலையில் அலுமாரியைத் திறந்து இன்று எதை உடுப்போம் என்று தெரிந்தெடுக்கிற சமாச்சாரம் அல்ல என்று 1993 இல் பட்லர் தெளிவுபடுத்த வேண்டி வந்தது. பலவந்தத்தின் கீழ் நடக்கும் மீள்செய்கையைப் பற்றித்தான் அந்தச் சிந்தனை பேசுகிறது. "விரும்பினால் எவரும் எதையும் நடிக்கலாம்" என்று அது சொல்லவில்லை. யாரை விரும்புவது என்பதைப் பயிற்சியால் மாற்றலாம் என்றும் சொல்லவில்லை. மாமா கேட்கிற நடிப்பு, நீங்கள் சின்ன வயதிலிருந்து ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற அதே கட்டாய நடிப்பின் அடுத்த பாகம்.

இன்னொன்றும் உண்டு. மேடையில் நீங்கள் சந்திரமதியாக அழும்போது, முன்னால் இருப்பவர்களுக்கு அது நீங்கள் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் அவர்களும் அழுகிறார்கள். எழுத்தில் கையெழுத்து வைக்கப்போகிற அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. பார்ப்பவருக்குத் தெரிந்து செய்வது கலை. தெரியாமல் செய்து, அவருடைய வாழ்நாளையும் அதற்குள் இழுத்துவிடுவதை அந்தப் பெயரால் நான் அழைக்கமாட்டேன்.

"அப்படியானால் நான் திருநங்கையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. ஒரு கடிதத்தை வைத்து எவராலும் சொல்ல முடியாது. யாரை விரும்புகிறோம், தன்னை யாராக உணர்கிறோம், எதை உடுத்து ஆடுகிறோம் என்பவை மூன்று தனித்தனி விஷயங்கள். உங்கள் கடிதத்தில் முதலாவது தெளிவாக இருக்கிறது, மூன்றாவது ஊருக்கே தெரியும். இரண்டாவது மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. அசையட்டும், அதற்கு ஆவணிக்குள் பதில் தேவையில்லை. கூத்து இல்லாத மாதங்களில், யாரும் பார்க்காத இடத்தில், உங்களை எப்படி நினைத்துக்கொள்கிறீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். பெண்ணாகவே வாழ வேண்டும் என்ற உணர்வு அங்கும் நிலைத்து நின்றால், அதற்கு வழி இருக்கிறது. சுகாதார அமைச்சின் 2016 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி மனநல வைத்தியர் ஊடாகப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழையும் மாற்றலாம். நிலைத்து நிற்காவிட்டால் நீங்கள் பெண் வேஷம் அருமையாகப் போடுகிற, ஆண்களை விரும்புகிற ஓர் ஆண். இரண்டிலும் குறை எதுவும் இல்லை.

சட்டமும் அந்த வீடியோவும்

இந்தப் பகுதியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டித்தான் எழுதுகிறேன்.

நீங்கள் தன்பாலீர்ப்பாளராக இருப்பது இலங்கையில் குற்றம் அல்ல. சேலை கட்டி ஆடுவதும் குற்றம் அல்ல. 1883 இல் பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் சில பாலியல் செயல்களைத் தண்டிக்கின்றன. 365அ பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை விதிக்கலாம். முன்பு ஆண்களை மட்டும் குறித்த அந்தப் பிரிவு, 1995 இல் செய்த திருத்தத்தால் பெண்களையும் உள்ளடக்கியது. அந்தப் பிரிவு சொல்லும் "பாரதூரமான இழிசெயல்" என்றால் என்னவென்று சட்டம் விவரிக்கவில்லை. ஆபத்து அந்தத் தெளிவின்மையில்தான் இருக்கிறது.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு வயதுவந்த ஆண்கள் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் 2016 இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், குற்றத்தீர்ப்பை அப்படியே வைத்திருந்தாலும், இணக்கத்தோடு நடந்ததற்குச் சிறை பொருத்தமல்ல என்று கருதித் தண்டனையை ஒத்திவைத்தது. 2022 இல் பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, இந்தச் சட்டம் பெண்களின் உரிமையை மீறுகிறது என்று இலங்கைக்கு எதிராக முடிவு சொன்னது. 2023 இல் இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் ஒன்று வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் அது நிறைவேறமுன் 2024 இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஆகவே பழைய சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் பூக்கோ 1976 இல் எழுதிய ஒரு கருத்து எனக்கு இங்கே உதவுகிறது. ஐரோப்பாவில் முன்பு இது ஒருவர் செய்கிற செயலாகப் பார்க்கப்பட்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அதைச் செய்கிறவர் ஒரு தனி "வகை" மனிதராக ஆக்கப்பட்டார் என்கிறார் அவர். நமக்குச் சட்டம் வந்ததும் அதே நூற்றாண்டில்தான். சட்டத்தின் எழுத்து இன்னும் செயலைத்தான் கேட்கிறது. ஊரும் சில வேளை பொலிசும் சேலையைப் பார்த்தே ஆளைத் தீர்ப்பிட்டுவிடுகின்றன. "எனக்கு என்ன நடக்கும்?" என்ற பயத்தில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும்.

சரி, வீடியோ. இனி ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அழித்துவிடுவார் என்பதுதான் இப்படியான ஆட்களிடம் அகப்பட்டவர்கள் எல்லாரும் செய்கிற பிழையான கணிப்பு. ஒருமுறை கொடுத்த பிறகும் கேட்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிரட்டிப் பணம் பறிப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம், வீடியோவில் என்ன இருந்தாலும் சரி. அவருடைய செய்திகளை அழிக்காமல் இலக்கமும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். காசு அனுப்பிய வங்கிச் சீட்டையும் வைத்திருங்கள். கோபத்தில் அவருக்குப் பதில் எழுத வேண்டாம், அந்தப் பதிலும் சாட்சியாகும்.

நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போகச் சொல்லமாட்டேன். உரிமைப்படி போகலாம். ஆனால் முறைப்பாடு எழுதுகிறவர் பணப்பறிப்பை விட்டுவிட்டு உங்களைக் கிண்டத் தொடங்குகிற ஆபத்து உண்டு. முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். நீங்கள் அவரிடம் சொல்வதை அவர் வெளியே சொல்லக்கூடாது. காசு பிரச்சினை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது. முறைப்பாட்டைச் சட்டத்தரணியோடு போய்க் கொடுங்கள். பணப்பறிப்பு முறைப்பாட்டுக்கு எது தேவையோ அதை மட்டும் சொன்னால் போதும். பொலிசே அவமதித்தால், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம்.

முறைப்பாடு கொடுத்தாலும் அவர் வீடியோவைப் போட்டுவிடலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் அடுத்த பகுதியில் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் உங்கள் வாயால் தெரிந்திருந்தால், அந்த வீடியோவின் விலை பாதியாகிவிடும்.

எழுத்துக்கு முன்னால்

"எழுத்தை மட்டும் முடித்துவைத்தால் டொனேசன் கிடைக்கும், தாலி கட்டமுன் வெளிநாடு போய்விடலாம்" என்று ஒரு திட்டம் எழுதியிருக்கிறீர்கள். எழுத்து என்பது வெறும் நிச்சயம் என்றுதான் நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அதுதான் கலியாணம். பதிவாளர் முன்னிலையில் கையெழுத்து வைத்த நிமிடத்திலிருந்து நீங்கள் கணவன் மனைவி. தாலி ஏறாவிட்டாலும், ஒருநாள் கூட ஒன்றாக வாழாவிட்டாலும் அப்படித்தான்.

பிரிவது இலேசும் அல்ல. 1907 ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி விவாகரத்துக்கு மூன்று காரணங்கள்தான். கலியாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு கூடுவது ஒன்று, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது இன்னொன்று, கலியாண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை மற்றது. "இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை" என்பது காரணமாகாது. மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சுமத்தி நிரூபிக்க வேண்டும். நீங்கள் வெளிநாடு போய்விட்டால் அந்தப் பிள்ளை இங்கே நீதிமன்றத்துக்கு அலைவார். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்கள் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, மனைவி தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பெற்றோர் சீதனமாக எழுதிக்கொடுத்த வீட்டைக்கூட, எங்கேயோ இருக்கிற உங்களுடைய கையெழுத்தோ, அதற்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் உத்தரவோ இல்லாமல் அவர் அசைக்க முடியாது. நீங்கள் ஈரமான மனமுள்ளவர் என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது. இதை அறிந்தபின் அந்தத் திட்டத்தைத் தொடரமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

உங்கள் சம்மதம் இல்லாமல் எவராலும் உங்களுக்கு எழுத்து முடிக்க முடியாது. பேச்சை நிறுத்த, உங்களைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லவும் தேவையில்லை. "எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம், பிள்ளையில் ஒரு குறையும் இல்லை, முடிவு என்னுடையது" என்று உங்கள் வாயால், சாட்சியாக ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு, பெண்வீட்டாருக்கு விரைவாகச் சொல்லுங்கள். சாதகத்தின்மேலோ பெண்ணின்மேலோ பழி போடாதீர்கள். குழம்பிய பேச்சுக்கால் இங்கே ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

தங்கச்சியின் கலியாணச் செலவை டொனேசன் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி உண்மையான கேள்விதான். அது தங்கச்சியோடும் இருந்து கதைத்து முடிக்க வேண்டிய பணப் பிரச்சினை. உங்களை விற்றுத்தான் தீர்க்கவேண்டும் என்று அவர் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

வீட்டில் யாருக்கு, எப்போது

எல்லாருக்கும் ஒரே நாளில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாக வாழ்கிறேன் என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்கள். அப்படி ஒருமுறை சொல்லி முடிகிற விஷயம் இது இல்லை. ஈவ் செட்ஜ்விக் என்ற அறிஞர் 1990 இல் இதை விரிவாகப் பேசினார். ஒருவருக்குச் சொன்ன பிறகும் அடுத்தவரைச் சந்திக்கும்போது, சொல்வதா விடுவதா என்ற கேள்வி புதிதாகத் தொடங்குகிறது. ஆகவே யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பெரியம்மாவுக்குச் சொல்லாமல் இருப்பது பொய் வாழ்க்கை அல்ல.

அம்மாவிடம் சொல்வதானால் சண்டையின் நடுவில் சொல்லாதீர்கள். உங்கள் பெயரில் கொஞ்சக் காசும், தேவைப்பட்டால் ஒரு கிழமை போய்த் தங்க ஒரு நண்பர் வீடும் உறுதியான பிறகு சொல்லுங்கள். அம்மா அழலாம், நேர்த்தி வைக்கலாம், சில நாள் கதையாமல் இருக்கலாம். முதல் கிழமையில் சொல்வது அவருடைய கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பல வருடம் எடுத்து விளங்கிக்கொண்ட ஒன்றை அவர் ஓர் இரவில் விளங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

என் அபிப்பிராயத்தில் முதலில் தங்கச்சி. "அவளுக்கு ஏற்கெனவே தெரியும் போல" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் உங்களுக்கும் இடையில் இப்போது டொனேசன் நிற்கிறது, அதையும் அதே இருப்பில் கதைத்துவிடலாம். மாமா இல்லாத ஒரு பின்னேரமாகப் பாருங்கள். அதற்கு முன் இந்தக் கிழமைக்குள் சட்டத்தரணியைச் சந்தித்துவிடுங்கள். தங்கச்சியோடு கதைத்தபின் எனக்கு எழுதுங்கள். அம்மாவும் பிறகு ஒருநாள் வர விரும்பினால், உங்கள் இருவருக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்குகிறேன். அவர் என்னிடம் சொல்வது உங்களுக்கு வராது, நீங்கள் சொல்வது அவருக்குப் போகாது.